வரிசைப் பயிற்சியா, ஆட்டமா? சிறுவர் கூடைப்பந்து அணிக்கு எது, எப்போது

12 பிள்ளைகள், இரண்டு ரிங், வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். 10 முதல் 12 வயது வரையிலான ஓர் அணியைப் புதிதாகக் கையில் எடுக்கும் கோச்சுக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் கிடைக்கும். ஷூ கட்டுவது, தண்ணீர் குடிப்பது, தாமதமாக வந்து சேர்வது எல்லாம் போக 90 நிமிடத்தில் உருப்படியாக மிஞ்சுவது 75. பத்து வாரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 மணி நேரம். டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது), பாஸ், லே-அப் (ஓடிவந்து ரிங்குக்கு அருகிலிருந்து போடுவது), ஷாட், ஓட்டத்தில் நிற்பது, டிஃபென்ஸ் எல்லாம் இந்த 25 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

அதனால் "எது நல்ல ட்ரில்?" என்று கேட்பதில் பயனில்லை. எந்த ட்ரில்லிலும் ஏதாவது ஒரு நன்மை இருக்கத்தான் செய்யும். இந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் கைக்குப் பந்து எத்தனை முறை வருகிறது, அதில் எத்தனை முறை எதிரே ஆள் நிற்கும்போது அந்தப் பிள்ளை தானே முடிவெடுக்கிறது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். கீழே உள்ள ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்ணிக்கையை வைத்துத்தான். ஓரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒழுங்காகத் தெரியும் பயிற்சி இந்தக் கணக்கில் பல நேரம் தோற்றுவிடும்.

முதலில் பந்தும் ரிங்கும்

முறையைப் பற்றி வாதாடும் முன்பு பந்தின் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். பெரிய ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து 580 முதல் 620 கிராம் எடை, சுற்றளவு 75 முதல் 77 செ.மீ. 5-ஆம் எண் பந்து சுமார் 480 கிராம், சுற்றளவு 70 செ.மீ. சிறுவர்க்கான மினி கூடைப்பந்துக்கு உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா வைத்த விதிகள் 12 வயது வரை 5-ஆம் எண் பந்தையும், வழக்கமான 3.05 மீட்டருக்குப் பதில் 2.60 மீட்டர் உயர ரிங்கையும் சொல்கின்றன.

"இப்போதே பெரிய பந்தில் பழகிவிட்டால் பின்னால் சிரமம் இல்லை" என்பது பல கோர்ட்டுகளில் காதில் விழும் வாதம். 3.05 மீட்டர் என்பது பிள்ளைகளை நினைத்து யாரும் வைத்த அளவே இல்லை. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டிய மாடத்துக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அன்று ஆடியவர்கள் வளர்ந்த ஆண்கள்.

பெரிய பந்து ஷாட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கணக்கிலேயே காட்டலாம். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ. பந்து 45 டிகிரி சரிவில் இறங்கினால் அதற்குக் கிடைக்கும் திறப்பு ஏறத்தாழ 32 செ.மீ. 30 டிகிரியில் தட்டையாக வந்தால் திறப்பு 22.5 செ.மீ. தான். 7-ஆம் எண் பந்தின் விட்டமே 24 செ.மீ. அதாவது அந்தச் சரிவில் ரிங்கைத் தொடாமல் பந்து உள்ளே போகவே முடியாது. கனமான பந்தை எறியும் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்கிறது? தோளில் பலம் போதாததால் பந்தை இடுப்புக்கு இறக்கி, முழங்கையை வெளியே விரித்து, உடம்பை முன்னால் தள்ளி எறிகிறது. பந்து தட்டையாகத்தான் போகும். அந்த இடுப்பு எறிதலை மூன்று வருடம் கழித்துத் திருத்துவது, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பெரிய வேலை.

இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் பந்தை மாற்றுங்கள். ரிங் இறங்காத கோர்ட்டில் ஷாட் பயிற்சியை ரிங்கிலிருந்து 2 அல்லது 2.5 மீட்டருக்குள், போர்டுக்குப் பக்கவாட்டுக் கோணத்தில் வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பின்னால் போகவே வேண்டாம். இந்த வயதில் இரண்டு கையால் தள்ளி எறிவதா, ஒரு கையால் எறிவதா என்ற சந்தேகமும் இதிலேயே தீர்ந்துவிடும். பந்தும் தூரமும் அளவாக இருந்தால் ஒரு கை ஷாட் தானாக வரும். வரவில்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள், கையைத் திட்டாதீர்கள்.

வரிசை ட்ரில்லும் 3-க்கு 3-ம்

பெரும்பாலான பயிற்சிகள் லே-அப் வரிசையில்தான் தொடங்குகின்றன. வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ரீபவுண்ட் (ரிங்கிலோ போர்டிலோ பட்டுத் திரும்பும் பந்து) எடுக்க ஒரு வரிசை, 12 பேர், ஒரு ரிங். ஒருவர் ஓடிவந்து போட்டு, ரீபவுண்ட் எடுத்து, பாஸ் அடுத்தவர் கைக்குப் போக 6 விநாடி ஆகும். பத்து நிமிடத்தில் 100 லே-அப். கேட்க நிறையத்தான். 12-ஆல் வகுத்தால் ஆளுக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி பந்து கையில் இருந்தால், பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை பந்தோடு இருந்தது அரை நிமிடத்துக்கும் குறைவு. மீதி ஒன்பதரை நிமிடம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்து நிற்பதுதான். இரண்டு ரிங்கையும் பயன்படுத்தினால் எட்டு பதினாறாகும். இரண்டு ரிங் இருந்தும் ஒன்றில் மட்டும் வரிசை போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அதே பத்து நிமிடத்தை இரண்டு ரிங்கிலும் 3-க்கு 3 ஆட்டத்துக்குக் கொடுத்தால்? மறுதொடக்கத்தையும் சேர்த்து ஒரு தாக்குதலுக்கு 12 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 50 தாக்குதல், அணிக்கு 25, மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு எட்டு ஷாட். வரிசையில் கிடைத்த அதே எட்டு! ஆனால் இங்கே ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரில் ஆள் உண்டு. கூடவே 25 முறை டிஃபென்ஸ், பந்தில்லாமல் இடம் மாறும் 25 வாய்ப்பு, ரீபவுண்டுக்கான தள்ளுமுள்ளு வேறு. 12 பேரில் ஒருவர்கூட நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

ஆட்டத்தால் கற்றுத்தரும் இந்தப் போக்குக்கு வயது குறைவில்லை. பிரிட்டனில் உடற்கல்வியாளர்களான பங்கரும் தோர்ப்பும் 1982-இலேயே இதை ஒரு முறையாக எழுதிவிட்டார்கள். தந்திரம் புரிந்தால்தான் நுட்பம் எதற்கு என்று பிள்ளைக்குப் புரியும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி. நடைமுறையில் 3-க்கு 3 சறுக்கும் இடங்கள் மூன்று. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் வரிசை ட்ரில்லே மேல் என்றாகிவிடும்.

முதலாவது, ஆளுக்கு எட்டு என்பது சராசரி. நன்றாக ஆடும் பிள்ளை 18 ஷாட் போட்டுவிட்டு, பயந்த பிள்ளை இரண்டோடு நிற்கும். அணிகள் சமமாக இருக்கட்டும் என்று கோச் ஒவ்வொரு அணியிலும் ஒரு கெட்டிக்காரரை வைப்பதுதான் இதற்குக் காரணம். ஸ்கோர் நெருக்கமாக இருக்கும், கற்றல் நடக்காது. பாதி நேரமாவது திறமை ஒத்தவர்களை ஒரே ரிங்கில் விடுங்கள். கெட்டிக்காரர்கள் ஆறு பேர் ஒரு ரிங், மீதி ஆறு பேர் மற்ற ரிங். அந்த இரண்டாவது ரிங்கில், வழக்கமாகப் பந்தைத் தொடவே தொடாத பிள்ளை முதல்முறையாக டிரிபிள் செய்து உள்ளே போவதைப் பார்க்கலாம். ரிங்குக்குப் பெயர் வைக்காமல், அடிக்கடி ஆளை மாற்றிக்கொண்டிருந்தால் யாருக்கும் முகம் சுருங்காது.

இரண்டாவது, பந்தைச் சுற்றிக் கூட்டம் சேர்வது. "தள்ளி நில்லுங்க" என்று எத்தனை முறை கத்தினாலும் பலன் இல்லை. தரையில் 4 மீட்டர் இடைவெளியில் ஐந்து இடங்களை டேப்பால் குறித்து, "ஒரு குறியில் ஒருவர்தான்" என்று சொன்னால் பாதி தீர்ந்துவிடும். பலர் இதற்கு "டிரிபிளே கூடாது" என்று விதி போடுவார்கள். அது திருப்பிக் கடிக்கும். பந்து வைத்திருப்பவர் நகர முடியாததால், உதவப் போகிறேன் என்று மற்ற இருவரும் அவர் பக்கத்திலேயே வந்து நிற்பார்கள். "ஒரே ஒரு டிரிபிள்" என்ற விதி இதைவிட நன்றாக வேலை செய்கிறது. மூவரும் தொட்ட பிறகுதான் ஷாட் என்ற விதியும் திருப்பிக் கடிக்கும். திறந்த லே-அப்பை விட்டுவிட்டு விதிக்காக ஒரு போலிப் பாஸ் கொடுக்கப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான குறை. கால் வரிசையே தெரியாத பிள்ளைக்கு ஆட்டம் அதைக் கற்றுத்தராது. தப்பான காலில் குதித்து எப்படியோ பந்தைப் போட்டுவிட்டால் ஆட்டம் அதற்கு இரண்டு புள்ளி கொடுத்துவிடும். தப்பு உறுதிப்பட்டுவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. எங்கள் கணக்கில் 75 நிமிடத்தில் 15 நிமிடமாவது இதற்கு உண்டு: துரத்தல் லே-அப். ரிங்குக்கு 45 டிகிரி கோணத்தில், மூன்று புள்ளிக் கோட்டருகே பந்தோடு ஒருவர். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் தடுப்பவர். முதல் டிரிபிள் தரையைத் தொட்டதும் இருவரும் ஓடலாம். பார்க்க வரிசை ட்ரில் போலவே இருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. நேராகப் போய் முடிப்பதா, நின்று ஏமாற்றுவதா என்ற முடிவை ஓட்டத்திலேயே எடுக்க வேண்டும். ரிங்குக்கு ஆறு பேர், மூன்று ஜோடி. ஒரு ஜோடி முடிக்கும்போது அடுத்த ஜோடி தயாராக இருந்தால் காத்திருப்பது 15 விநாடிக்கு மேல் போகாது. தடுப்பவர் ஒவ்வொரு முறையும் பிடித்துவிட்டால் அவரை அரை அடி பின்னால் நிறுத்துங்கள். ஒருமுறைகூடப் பிடிக்காவிட்டால் அரை அடி முன்னால். பத்துக்கு ஆறோ ஏழோ லே-அப் விழும் இடம்தான் சரியான தூரம்.

லே-அப்: முடிவிலிருந்தா, முழுதாகவா

கால் வரிசையைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழி. ஒன்று, ஓடிவந்து முழு லே-அப்பையும் போடச்சொல்லி, தப்பைத் திருத்துவது. மற்றது, கடைசி அசைவிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு போவது. புதிய பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

வலக்கைப் பிள்ளை, ரிங்கின் வலப்பக்கம். போர்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இடது காலில் நின்று, வலது முழங்காலைத் தூக்கியபடி, போர்டில் வரைந்த சதுரத்தின் மேல் வலது மூலையில் பந்தை வைக்கிறது. குதிக்கக்கூட வேண்டாம். பத்துக்கு ஏழு விழுந்ததும் ஓரடி பின்னால் போய் வலது, இடது, தூக்கு. டிரிபிள் இல்லை. அதுவும் பழகியதும் ஒரு டிரிபிள். பிறகு நடந்து வந்து, பிறகு ஓடி வந்து. கடைசி அசைவு கைக்கு வந்துவிட்டதால், ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை தெரியாததிலிருந்து தெரிந்த இடத்துக்குள் போகிறது. முழுதாகத் தொடங்கும் முறையில் இது தலைகீழ். டிரிபிள் நன்றாக வரும், பரபரப்பு கூடக்கூடக் கடைசி இரண்டு அடி குழம்பும்.

இங்கே அடிக்கடி நடக்கும் முதல் தப்புக்குக் காரணம் காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. ரிங்கைப் பார்த்து ஓடும் பிள்ளை ரிங்குக்கு நேர் கீழே போய் நின்றுவிடும். அங்கிருந்து பந்து அடிப்பக்கமாகத்தான் மோதும். சதுரத்தின் மூலையைப் பார்க்கச் சொன்னால் ஓடும் பாதையே மாறிவிடும். இரண்டாவது தப்பு, கடைசி அடியை நீளமாக எடுத்துவைத்து, மேலே எழாமல் முன்னால் பாய்வது. "முதல் அடி நீளம், இரண்டாவது அடி குட்டை" என்று ஒரே வரி சொல்லுங்கள். இரண்டாவது அடி விழ வேண்டிய இடத்தில் தரையில் ஒரு தட்டைக் குறியை வைத்தால் அந்த வரிகூட வேண்டாம்.

விதி ஒன்று இங்கே குறுக்கிடும். 2017-இல் ஃபீபா ட்ராவல் (பந்தைத் தட்டாமல் அளவுக்கு மேல் அடி எடுத்துவைப்பது) விதியை மாற்றியது. ஓட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டு அடி உண்டு. பெரிய பிள்ளைகள் இதை "மூன்று ஸ்டெப்" என்று சொல்லிக்கொடுத்து, சின்னவர்கள் நான்கு எடுத்துவைப்பதைப் பார்க்கலாம். முதல் வருடம் "வலது, இடது" மட்டும் போதும். பிடிக்கும் அடியைப் பற்றிப் பேச வேண்டாம், அது தானாக வந்துவிடும். நின்ற நிலையிலிருந்து டிரிபிள் தொடங்கும்போது அந்தச் சலுகை கிடையாது. பிவட் கால் (ஊன்றி நின்று திரும்பும் கால்) தரையை விடும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். சிறுவர் ஆட்டங்களில் விசில் அதிகம் ஊதப்படுவதும் இங்கேதான்.

ஓட்டத்தில் நிற்பதற்கு ஜம்ப் ஸ்டாப்பா, ஒரு கால் பின் மறு கால் என்று நிற்கும் ஒன்று-இரண்டு ஸ்டாப்பா? முதல் மூன்று நான்கு வாரம் ஜம்ப் ஸ்டாப். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் விழுவதால் எந்தக் காலையும் பிவட்டாக வைக்கலாம், பிள்ளை யோசிக்க வேண்டியது குறைவு. வேகம் கூடியதும் உடம்பு முன்னால் சாயத் தொடங்கும். அப்போது ஒன்று-இரண்டுக்கு மாறலாம்.

கோனா, ஓடிப்பிடிப்பதா

டிரிபிள் சொல்லிக்கொடுக்க ஐந்து கோன்களை வளைவு நெளிவாக வைத்து ஓடவிடுவது வழக்கம். கோன் நகராது. அதனால் பிள்ளை கோனையும் பந்தையும் மாறிமாறிப் பார்த்தால் போதும், தலை குனிந்தே இருக்கும். ஆறு பேரையும் ஆளுக்கொரு பந்தோடு மூன்று புள்ளிக் கோட்டுக்குள் விட்டு, தன் பந்தைத் தட்டிக்கொண்டே மற்றவர் பந்தைத் தட்டிவிடச் சொன்னால் தலை தானாக நிமிரும். நிமிராவிட்டால் பந்து போய்விடும். பந்து போனவர் வெளியே உட்கார வேண்டாம். ஓரமாகப் பத்து முறை இடக்கையால் தட்டிவிட்டு உள்ளே வரட்டும். வெளியே அனுப்பினால் பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் குறைந்த நேரம் கிடைக்கும்.

கோனுக்கு ஒரே ஒரு வேலை உண்டு. உள்ளங்கையால் அறைந்து, இடுப்புக்கு மேல் துள்ளவிடும் பிள்ளைக்கு விரல்நுனியால் தள்ளுவதைக் காட்ட, ஐந்து நிமிடம். பந்து தரையில் மோதுவதைவிடக் கை அதை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லலாம்.

ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்பவா, மாற்றி மாற்றியா

ஒரே இடத்திலிருந்து 20 ஷாட் போட்டால் கடைசிப் பத்து நன்றாக விழும். பிள்ளைக்கும் கோச்சுக்கும் மகிழ்ச்சி. 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை இந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் கலைத்தது. கை அசைவுப் பணிகளை ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது முன்னால் இருந்தார்கள். கலந்து கலந்து பழகியவர்கள், பிறகு சோதித்தபோது முந்திவிட்டார்கள். கூடைப்பந்தில் இதை அப்படியே ஒட்டவைக்க வேண்டாம். அசைவே தெரியாத பிள்ளைக்கு முதல் ஐந்தாறு நிமிடம் ஒரே மாதிரிதான் வேண்டும். உருவம் வந்ததும் மாற்றுங்கள். வலப்பக்க லே-அப், இடப்பக்க லே-அப், இரண்டு மீட்டர் போர்டு ஷாட் மூன்றையும் மாற்றி மாற்றி. விழும் எண்ணிக்கை குறையும். வீட்டுக்குப் போகும்போது பிள்ளை முகம் வாடியிருக்கலாம், அடுத்த பயிற்சியில் பலன் தெரியும்.

மேன் டு மேனா, ஸோனா

அதிகச் சண்டை நடக்கும் இடம் இது. மேன் டு மேன் என்றால் ஆளுக்கொரு எதிராளியைப் பிடிப்பது, ஸோன் என்றால் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது. ஸோன் போடும் கோச் ஆட்டத்தை ஜெயிக்கிறார், மேன் டு மேன் போடுபவர் பொறுமையை இழக்கிறார்.

12 வயதுக்குக் கீழ், முன்னால் இருவர் பின்னால் மூவர் நிற்கும் 2-3 ஸோன் ஏன் ஜெயிக்கிறது? அந்த வயதுக்குத் தூர ஷாட் வராது. ஸோனை உடைக்க வேண்டிய பாஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, 10 மீட்டர். பத்து வயதுக் கையிலிருந்து அந்தப் பாஸ் மிதந்து போகும். அது போய்ச் சேர்வதற்குள் ஐந்து பேரும் நகர்ந்துவிடுவார்கள். அதாவது எதிரணிப் பிள்ளைகளின் தோள் இன்னும் வளராததற்குக் கிடைக்கும் பரிசுதான் அந்த வெற்றி. பதினைந்து வயதில் எதிரணிக்குத் தோள் வந்துவிடும். இந்தப் பிள்ளைகளுக்கோ ஓர் ஆளை எதிர்கொண்டு பக்கவாட்டில் நகரத் தெரியாது. கை தூக்கி ஓரிடத்தில் நிற்கத்தான் தெரியும். கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் சிறு வயதுப் போட்டிகளில் ஸோனுக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதன் பின்னணியும் இதுதான்.

ஆனால் "ஆளைப் பிடி" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் மேன் டு மேன் ஒரு வாரத்தில் சிதறிவிடும். பந்து எங்கே போனாலும் ஐந்து பேரும் அங்கே ஓடுவார்கள். சரிசெய்ய, தடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு கையால் பந்தையும் மறு கையால் தன் ஆளையும் சுட்டிக்கொண்டே நகர வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் இரண்டு விரல்நுனியும் கண்ணில் பட்டால் நிற்கும் இடம் சரி. ஆளைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தால் பந்துக்கு மிக அருகில் போய்விட்டீர்கள். தன் ஆள் பந்திலிருந்து இரண்டு பாஸ் தள்ளி இருந்தால் ஒரு கால் பெயிண்டுக்குள் (ரிங்குக்கு முன்னுள்ள கட்டத்துக்குள்) இருக்கட்டும். இந்த இரண்டும் பழகியதும் 4-க்கு 4-இல், தடுப்பவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஆடவைத்தால் கால் வேலை செய்யத் தொடங்கும். கை இருந்தால் பிள்ளைகள் பந்தைப் பறிக்கத்தான் பார்ப்பார்கள், அதிலேயே ஃபவுலும் வரும்.

பலவீனமான பிள்ளை திரும்பத் திரும்ப ஏமாறும் என்பது ஸோன்காரர்களின் நியாயமான எதிர்வாதம். ஏமாறும்தான். அவரவர் திறமைக்கு ஒத்த எதிராளியை ஒதுக்கினால் குறையும். முழுக் கோர்ட் பிரஸ் (எதிரணியை அவர்கள் பாதியிலேயே மறித்து நெருக்குவது) வேண்டவே வேண்டாம். பந்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவரவே தெரியாத அணியைப் பிரஸ் செய்து 30 புள்ளி எடுப்பதில் இரண்டு அணியும் எதையும் கற்பதில்லை.

செட் ப்ளேயா, இரண்டு விதியா

ஒரு செட் ப்ளே, அதாவது யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்பே வகுத்த திட்டம், மனப்பாடமாக 20 நிமிடம் ஆகும். முதல் பாஸைத் தடுத்துவிட்டால் ஐந்து பேரும் கோச்சைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் இரண்டு விதி: பாஸ் கொடுத்தவர் ரிங்கை நோக்கி வெட்டிப் போக வேண்டும், காலியான குறியைப் பக்கத்திலிருப்பவர் நிரப்ப வேண்டும். ஓரத்திலிருந்து பந்தை உள்ளே போட மட்டும் ஒரு செட் ப்ளே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐந்து விநாடிதான், யோசிக்க நேரமில்லை.

நிறுத்திப் பேசுவதா, ஓட்டத்தில் சொல்வதா

அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கோச் ஜான் வுடன் 1964 முதல் 1975 வரை பத்து தேசியப் பட்டங்கள் வென்றவர். 1974-75 சீசனில் டார்ப், கலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் கற்பிக்கச் செய்த 2,326 செயல்களைக் குறித்தார்கள். ஏறத்தாழ பாதி, எதை எப்படிச் செய்வது என்ற நேரடிக் குறிப்பு. பாராட்டு ஏழு சதவீதத்துக்கும் கீழ். அவர் கற்பித்தது பல்கலைக்கழக வீரர்களுக்கு. பத்து வயதுக்குப் பாராட்டைக் கூட்டத்தான் வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது குறிப்பின் அளவை. ஒரு விசிலுக்கு எல்லோரையும் நிறுத்தி 45 விநாடி பேசினால், பத்து விசிலில் ஏழரை நிமிடம் போய்விடும், மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. எல்லோருக்கும் பொதுவான தப்பு என்றால் மட்டும் விசில், அதுவும் 15 விநாடி. ஒருவர் தப்பை அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே சொல்லலாம்: "குட்டை அடி", "மூலையைப் பார்".

வரிசைக்குத் திரும்பும் நேரம்

ஒரே ரிங், 20 பிள்ளைகள், நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் 3-க்கு 3 ஓடாது. 14 பேர் வெளியே நிற்பார்கள். அப்போது ரிங்கில் ஆறு பேருக்குத் துரத்தல் லே-அப், மீதி 14 பேருக்கு ரிங் தேவைப்படாத வேலை: ஜோடியாக 3 மீட்டரில் நின்று மார்பு பாஸ், தரை பாஸ், பிவட். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். புதிய அசைவைக் காட்டும் முதல் நாளும், ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும்போதும் வரிசை சரிதான். சோர்ந்துபோன பிள்ளைகளை ஆட்டத்தில் விட்டால் கணுக்கால் மடங்கும் என்பதால் சில நாள் கடைசிப் பத்து நிமிடமும் வரிசைக்குப் போகலாம்.

ஐந்து வாரம் கழித்து, எடுத்த முடிவு சரிதானா என்று பார்க்க ஒரு பத்து நிமிட 3-க்கு 3-இல் மூன்றை மட்டும் எண்ணுங்கள். டிரிபிள் தொடக்கத்தில் எத்தனை ட்ராவல், இடக்கை லே-அப் முயற்சி எத்தனை, கையில் பந்து வந்த முதல் விநாடியில் ரிங்கைப் பார்த்தவர் எத்தனை பேர். விழுந்ததா என்பதை எண்ண வேண்டாம். ட்ராவல் குறையவில்லை என்றால் பின்னோக்கிக் கட்டும் பயிற்சிக்கு ஒரு வாரம் திரும்புங்கள். ரிங்கைப் பார்ப்பவர் குறைவு என்றால் கோன்களை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். இடக்கை முயற்சி பூஜ்ஜியம் என்றால், துரத்தல் லே-அப்பை இரண்டு வாரம் ரிங்கின் இடப்பக்கத்திலிருந்து மட்டும் நடத்துங்கள், வலக்கையால் போட்டது கணக்கில் சேராது.